கிண்டிவைத்த அல்வா: பெரிய டேட்டாவில் பரிந்துரை அமைப்பை வேகமாக்குவது எப்படி?

“ஏன் தம்பி, ஆளு கடை வாசல்ல வந்து நிக்கான். நீங்க உள்ள போயி அவ்வளவு நேரமா என்னத்தத் தேடுதீய?”

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த ஆன்லைன் கடையின் முதலாளி அண்ணாச்சி கேட்டது இது. பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், உடன்குடி கருப்பட்டி, காருகுறிச்சி மண்பானை, அப்புறம் அல்வா என்று ஊர்ச் சரக்கோடு தொடங்கிய கடை. பிறகு துணிமணி, பாத்திரம், புத்தகம் என்று பல வியாபாரிகளின் சரக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை’ என்ற வரிசை நிரம்ப நாலு விநாடி ஆனது. அந்த வரிசைக்கான புரோகிராம் கோடை (code) எழுதியவன் நான்தான். பதில் சொல்ல முடியவில்லை.

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரதவீதிகளில் சாயங்காலம் அல்வா வாங்க நின்றவர்களுக்குத் தெரியும். சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டிப் பால் எடுத்து, சீனியும் நெய்யும் விட்டு மணிக்கணக்கில் கிண்டுகிற வேலையெல்லாம் நாம் போகும் முன்பே முடிந்திருக்கும். நம் முறை வந்ததும் எடை போட்டுக் கையில் கொடுப்பார்கள், அவ்வளவுதான். என் கோடோ, ஆள் வந்து நின்ற பிறகுதான் கோதுமையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தது.

பைத்தான் ஓரளவு தெரியும், பயிற்சிக்கான சின்ன டேட்டாவில் ஒரு பரிந்துரை அமைப்பை ஓட்டிப் பார்த்தாயிற்று, நிஜ டேட்டாவைக் கொட்டியதும் லேப்டாப் மூச்சு வாங்குகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குக்கு ஒரு கடையை மனதில் வைத்துக்கொள்வோம்: 2 லட்சம் வாடிக்கையாளர்கள், 50,000 பொருட்கள், 40 லட்சம் வாங்கல் பதிவுகள். ஆளுக்குச் சராசரியாக 20 பொருள்.

1. முதலில் அளவெடுங்கள்

வேகமாக்க உட்காரும் எல்லோரும் முதலில் அல்காரிதத்தில்தான் கை வைப்பார்கள். நானும் அப்படித்தான் இரண்டு நாளை வீணாக்கினேன். அதற்கு முன் ஒரு கோரிக்கை உள்ளே வந்து வெளியே போகும்வரை எங்கெங்கே எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று லாகில் எழுதுங்கள். நாலு இடம் போதும்: வாடிக்கையாளரின் பழைய பதிவுகளை எடுப்பது, காட்டத் தகுந்த பொருட்களைப் பொறுக்குவது, அவற்றை வரிசைப்படுத்துவது, பெயர், விலை, படம் முதலிய விவரங்களைச் சேர்ப்பது.

சராசரியைப் பார்த்து ஏமாறக்கூடாது. 100 கோரிக்கையில் 90 கோரிக்கை 50 மில்லிவிநாடியில் முடிந்து, மீதி 10 கோரிக்கை 4 விநாடி எடுத்தால் சராசரி 445 மில்லிவிநாடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பத்தில் ஒருவர் நாலு விநாடி நின்றுகொண்டிருக்கிறார். எனவே நேரத்தைக் குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கி, 100 பேரில் 95-வது ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். அந்த எண்தான் அண்ணாச்சியின் காதுக்கு வரும் புகார்.

அளந்து பார்த்தபோது எனக்கு இரண்டு குற்றவாளிகள் கிடைத்தார்கள். ஒன்று, நான் எதிர்பார்த்ததுதான்: எந்தப் பொருள் எதற்கு நெருக்கம் என்ற ஒப்புமையை ஆள் வந்த பிறகு கணக்கிடும் வேலை. இன்னொன்றை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. காட்ட வேண்டிய 20 பொருளுக்கும் விவரம் கேட்டு டேட்டாபேஸுக்கு 20 தடவை தனித்தனியாகப் போய்வந்துகொண்டிருந்தது என் கோடு. உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை என்று பையனைக் கடைக்கு விரட்டுவது போல. 20 எண்களையும் ஒரே கேள்வியாக அனுப்பும்படி மாற்ற அரைமணி நேரம்தான் ஆனது. ஒன்றரை விநாடி அதிலேயே குறைந்தது.

2. காலிக் கட்டங்களைச் சுமக்காதீர்கள்

பயிற்சிக் கட்டுரைகளில் வரிசைக்கு ஒரு வாடிக்கையாளர், பத்திக்கு ஒரு பொருள் என்று அட்டவணை போடச் சொல்வார்கள். நம் கடைக்கு அப்படிப் போட்டால் 2 லட்சம் தடவை 50,000, அதாவது 1,000 கோடிக் கட்டம். கட்டத்துக்கு 4 பைட் வைத்தாலும் 40 ஜிபி. பைத்தானின் நம்பை (NumPy) நூலகம் தன் வழக்கப்படி 8 பைட் எடுத்துக்கொண்டால் 80 ஜிபி. இதில் நிரம்பியிருப்பவை 40 லட்சம் மட்டும், 10,000 கட்டத்துக்கு நாலு. மற்றதெல்லாம் பூஜ்ஜியம்.

பூஜ்ஜியங்களை விட்டுவிட்டு நிரம்பியதை மட்டும் வைப்பதற்குப் பெயர் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ். சைபை (SciPy) நூலகத்தில் அது தயாராக இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள், பின்னால் பல குழப்பம் தீரும்.

நாலு பொருள்: 0 அல்வா, 1 கருப்பட்டி, 2 பாய், 3 அப்பளம். மூன்று பேர். முதல் ஆள் அல்வாவும் பாயும் வாங்கினார். இரண்டாமவர் கருப்பட்டி மட்டும். மூன்றாமவர் அல்வா, கருப்பட்டி, அப்பளம். வாங்கியவற்றை வரிசையாக எழுதுங்கள்: 0, 2, 1, 0, 1, 3. யாருடைய சரக்கு எங்கே தொடங்குகிறது என்று இன்னொரு வரிசை: 0, 2, 3, 6 (இடங்களை 0-விலிருந்து எண்ணுகிறோம், கடைசி 6 முடிவைக் காட்டும்). மூன்றாம் ஆள் வேண்டுமா? 3-ஆம் இடத்தில் தொடங்கி 6-க்கு முந்தைய இடம்வரை படியுங்கள்: 0, 1, 3. இவ்வளவுதான். எத்தனை தடவை வாங்கினார் என்ற எண்ணுக்கு மூன்றாவதாக ஒரு வரிசை.

இதன்படி ஒன்றுக்கு 8 பைட் வீதம் 40 லட்சம் பதிவுக்கு 32 எம்பி, தொடக்க இடங்களுக்கு இன்னும் ஒரு எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. 40 ஜிபி எங்கே, 33 எம்பி எங்கே!

ஒரு எச்சரிக்கை. இந்த அமைப்பில் ஒரு ஆளின் வரிசையை எடுப்பது கண் சிமிட்டும் வேலை. ஆனால் ஒரு பொருளை யார் யார் வாங்கினார்கள் என்று கேட்டால் முழுவதையும் துழாவும். அதற்குப் பத்திவாரியாக அடுக்கிய இன்னொரு பிரதி வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தமே 66 எம்பிதான். ஃபார் லூப்புக்குள் ஒவ்வொரு கட்டமாக ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸில் எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். முதலில் ஆள், பொருள், எண்ணிக்கை என்று மூன்று வரிசையாகச் சேர்த்துக்கொண்டு ஒரே அடியில் கட்டுங்கள்.

இதோடு சேர்ந்த சில்லறை வேலைகள்: 36 எழுத்து நீள அடையாளங்களை 0, 1, 2 என்ற எண்களாக மாற்றி, எந்த எண் யாருக்கு என்ற பட்டியலைத் தனியே பத்திரப்படுத்துங்கள். சிஎஸ்வியைப் பத்திவாரியாகச் சேமிக்கும் பார்க்கே (Parquet) கோப்பாக மாற்றுங்கள், தேவையான பத்தியை மட்டும் படிக்கலாம்.

3. மொத்த வியாபாரியைப் பிடியுங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாடங்களில் இது அதிகம் வருவதில்லை, நிஜத்தில் முதல் அடி இங்கேதான் விழும்.

எந்தெந்தப் பொருட்கள் சேர்ந்து வாங்கப்படுகின்றன என்று எண்ணுவதுதான் நம் அடிப்படை வேலை. 50,000 பொருளில் ஏறத்தாழ 125 கோடி ஜோடி உண்டு. அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை, பெரும்பாலான ஜோடியை யாருமே சேர்த்து வாங்கியிருக்க மாட்டார்கள். ஆள்வாரியாகப் போனால் போதும். 20 பொருள் வாங்கியவரிடம் 190 ஜோடி இருக்கும். எல்லோரும் 20 வாங்கியதாக வைத்தால் 2 லட்சம் பேருக்கு 3.8 கோடி ஜோடி. லேப்டாப்புக்குப் பெரிய விஷயமே இல்லை.

ஆனால் எல்லோரும் 20 வாங்குவதில்லை. எங்களிடம் ஒரு கணக்கு இருந்தது. வெளியூரில் கடை வைத்திருக்கும் ஒருவர், எங்களிடம் வாங்கி அங்கே விற்பவர். அவர் பெயரில் மட்டும் ஆயிரக்கணக்கில் பொருட்கள். 5,000 என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு ஆளால் உண்டாகும் ஜோடி 1.25 கோடி! மற்ற 2 லட்சம் பேரும் சேர்ந்து உண்டாக்கும் வேலையில் மூன்றில் ஒரு பங்கை அவர் தனியாகக் கொண்டுவருகிறார். இந்த எண்ணிக்கையை எடுக்க இரவில் ஓட்டும் வேலை இழுத்ததற்கு ஒரு பெரிய காரணம் அவர்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. அவரால் குத்துவிளக்கும் குழந்தைக்கான டயப்பரும் ‘சேர்ந்து வாங்கப்படுபவை’ ஆகிவிட்டன. மொத்தமாக வாங்குபவரின் பட்டியலில் ரசனை கிடையாது, சரக்குதான் உண்டு.

தீர்வு எளிது. ஒருவருக்குக் கடைசி 500 பதிவு மட்டும் என்று வரம்பு வையுங்கள். 500-க்கு உண்டாகும் ஜோடி 1.25 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரே வரியில் நூறு மடங்கு மிச்சம். உங்கள் கடையில் சாதாரண ஆள் 500-ஐத் தொடவே மாட்டார் என்றால் 200 என்றுகூட வைக்கலாம். சோதனைக்காக நம் ஊழியர்களே திறந்த கணக்குகள், தளத்தைத் துருவும் ரோபோக்கள் ஆகியவற்றையும் இதே கையோடு நீக்கிவிடுங்கள். அதற்கு முன் யாருக்கு எத்தனை பதிவு என்று பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, மேலே உள்ள 50 பேரைக் கண்ணால் பாருங்கள். எந்தக் கருவியும் சொல்லாததை அந்த 50 வரி சொல்லும்.

4. ராத்திரியே கிண்டிவையுங்கள்

ஆளுக்கு ஆள் ஒப்பிடுவதா, பொருளுக்குப் பொருள் ஒப்பிடுவதா என்று ஒரு கேள்வி வரும். பெரிய கடைக்குப் பொருள்தான். அமேசானில் கிரெக் லிண்டன், பிரெண்ட் ஸ்மித், ஜெரமி யார்க் மூவரும் 2003-ல் எழுதிய கட்டுரை இந்த வழியைத்தான் விளக்கியது. காரணம் லேசானது. வாடிக்கையாளர் இன்று காலை வாங்கியதும் மாறிவிடுகிறார். ஆனால் பாயின் பக்கத்தில் தலையணை உறை இருப்பது நேற்றும் இன்றும் நாளையும் அப்படியேதான் இருக்கும். மாறாததை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கலாம்.

ராத்திரி செய்ய வேண்டியது: ஒவ்வொரு பொருளுக்கும் நெருக்கமான 30 பொருட்களைக் கண்டுபிடித்து மதிப்பெண்ணோடு எழுதி வைப்பது. 50,000 பொருளுக்கு 30 வீதம், ஒன்றுக்கு 8 பைட் என்றால் மொத்தம் 12 எம்பி. செல்போனில் எடுத்த மூன்று நாலு போட்டோ அளவு. இதைச் சர்வர் தொடங்கும்போதே மெமரியில் ஏற்றிவிடலாம்.

ஆள் வந்ததும் செய்ய வேண்டியது: அவர் கடைசியாகப் பார்த்த அல்லது வாங்கிய 10 பொருளை எடுப்பது, அவற்றின் பக்கத்துப் பொருட்களான 300 மதிப்பெண்களைக் கூட்டுவது, மேலே வந்தவற்றைக் காட்டுவது. 300 கூட்டல்! எங்கள் நாலு விநாடியில் மிச்சமிருந்தது இங்கேதான் செத்தது.

ராத்திரி வேலையிலும் ஒரு குழி உண்டு. 50,000-க்கு 50,000 ஒப்புமை அட்டவணையை முழுதாகக் கட்டினால் 10 ஜிபி. ஆயிரம் ஆயிரம் பொருளாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். ஒரு தவணைக்கு அதிகபட்சம் 200 எம்பி. பொருளுக்கு 30 பக்கத்துப் பொருளைப் பொறுக்கியதும் மீதியைக் கொட்டிவிட்டு அடுத்த ஆயிரம். பொறுக்குவதற்கு முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்த வேண்டாம், நம்பையில் உள்ள ஆர்க்பார்ட்டிஷன் மேலே உள்ள 30-ஐ மட்டும் பிரித்துத் தரும்.

5. எல்லோருக்கும் அல்வா கொடுத்த கதை

முதல் நாள் இப்படி ஓட்டிவிட்டுப் பெருமையாகத் திறந்து பார்த்தேன். புத்தகம் வாங்கியவருக்கு அல்வா. வாளி வாங்கியவருக்கு அல்வா. மண்பானை வாங்கியவருக்கும் அல்வா. எங்கள் சிஸ்டம் உண்மையிலேயே ஊருக்கெல்லாம் அல்வா கொடுத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் வாங்கும் பொருள் எல்லாவற்றோடும் சேர்ந்துதான் வரும். வெறும் எண்ணிக்கையை வைத்து நெருக்கத்தை அளந்தால் இதுதான் கதி. ஒரு கணக்கு போடுவோம். பாய் வாங்கியவர் 400 பேர். அல்வா வாங்கியவர் 10,000 பேர். இரண்டும் வாங்கியவர் 100 பேர். தலையணை உறை வாங்கியவர் 225 பேர்தான், அதில் பாயும் வாங்கியவர் 60 பேர். எண்ணிக்கையில் அல்வா ஜெயிக்கிறது. இப்போது இரண்டு எண்ணிக்கையின் பெருக்கத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, அதால் வகுங்கள். அல்வாவுக்கு 100-ஐ 2,000-ஆல் வகுத்தால் 0.05. உறைக்கு 60-ஐ 300-ஆல் வகுத்தால் 0.2. உறை நாலு மடங்கு நெருக்கம். இதைத்தான் கொசைன் ஒப்புமை என்பார்கள்.

இங்கேயும் நிறுத்திவிடக்கூடாது. ஒரே ஒருவர் மட்டும் வாங்கிய ஏதோ ஒரு பழைய புத்தகம், அவரே பாயும் வாங்கிவிட்டார் என்றால் 1-ஐ 20-ஆல் வகுத்து அதற்கும் 0.05 கிடைக்கும். நூறு பேர் சாட்சி சொன்ன அல்வாவும் ஒருவர் சாட்சி சொன்ன புத்தகமும் சமமாம்! எனவே குறைந்தது ஐந்து பேராவது சேர்த்து வாங்கியிருந்தால்தான் கணக்கில் சேர்ப்பது என்று வையுங்கள். பெரும்பாலான ஜோடிகள் ஒருவர் இருவர் வாங்கியவைதான் என்பதால் இந்த ஒரு விதியால் தரமும் ஏறும், ராத்திரி வேலையும் குறையும்.

பழைய பதிவுகளுக்கு எடை குறைப்பதும் நல்லது. குற்றாலம் சீசனில் துண்டும் எண்ணெயும் சேர்ந்து போகும். தை மாதத்தில் பானையும் கரும்பும்.

6. வெக்டர் வழி: எப்போது வேண்டும்?

பக்கத்துப் பொருள் முறைக்கு ஒரு குறை. இரண்டு பொருளை யாருமே சேர்த்து வாங்காவிட்டால் அவற்றுக்கு இடையே உறவே இல்லை என்று நினைக்கும். மேட்ரிக்ஸைக் காரணிகளாகப் பிரிக்கும் முறை இதைச் சமாளிக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 64 எண்கள் கொண்ட ஒரு வெக்டர். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் மதிப்பெண். வாங்கினார், பார்த்தார் என்ற வகைப் பதிவுகளுக்கு ஏற்றபடி இதை 2008-ல் யிஃபான் ஹு, யெஹுடா கோரன், கிறிஸ் வோலின்ஸ்கி மூவரும் அமைத்துக் காட்டினார்கள். ஏஎல்எஸ் (ALS) என்ற பெயரில் பல நூலகங்களில் இருக்கிறது. ஒரு பக்கத்தை நிறுத்தி வைத்து மறுபக்கத்தைக் கணக்கிடுவதால் ஒவ்வொரு ஆளின் கணக்கும் தனித்தனி. ப்ராசஸரின் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்டலாம்.

பைத்தானில் ஏஎல்எஸ் தரும் இம்ப்ளிசிட் (implicit) நூலகத்தைப் பயன்படுத்தினால், அடியில் மேட்ரிக்ஸ் கணக்குப் போடும் ஓப்பன்பிளாஸின் (OpenBLAS) த்ரெட் எண்ணிக்கையை 1 என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் த்ரெட்டுகளைத் திறந்துகொண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இதை அவசரமாகத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. நெட்ஃபிளிக்ஸ் 2006-ல் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. 4.8 லட்சம் பேர், 17,770 படங்கள், 10 கோடி மதிப்பீடுகள். துல்லியத்தைப் 10 சதவீதம் கூட்டினால் பரிசு. 2009-ல் ஒரு அணி ஜெயித்தது. ஆனால் பரிசு வாங்கிய அந்தப் பெரிய கலவையை நெட்ஃபிளிக்ஸ் முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கிடைக்கும் கூடுதல் துல்லியம் அதற்கான பொறியியல் உழைப்புக்கு ஈடாகாது என்று அவர்களே சொன்னார்கள். வழியில் கிடைத்த ஒன்றிரண்டு எளிய முறைகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

7. முதலில் சலிப்பது, அப்புறம் பொறுக்குவது

வரன் தேடும்போது தரகர் கொண்டுவரும் எல்லா வீட்டுக்கும் யாரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவதில்லை. ஜாதகத்தை வைத்து முப்பதை மூன்றாக்கி, அந்த மூன்று வீட்டுக்குத்தான் பஜ்ஜி சாப்பிடப் போவார்கள். பெரிய பரிந்துரை அமைப்புகளும் அப்படித்தான். யூடியூப் 2016-ல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இரண்டு கட்டத்தைப் பார்க்கலாம்: லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து சில நூறை மலிவான முறையில் சலித்தெடுப்பது, அந்தச் சில நூறை மட்டும் கனமான மாடலிடம் கொடுத்து வரிசைப்படுத்துவது. விலை, தள்ளுபடி, ஆள் இருக்கும் ஊர், நேரம் என்று எத்தனை விவரம் வேண்டுமானாலும் இரண்டாம் கட்டத்தில் சேர்க்கலாம், 300 பொருளுக்குத்தானே.

சலிக்கும் கட்டத்தில் வெக்டர் வைத்திருந்தால், ஆளின் வெக்டருக்கு நெருக்கமான பொருள் வெக்டர்களைத் தேட வேண்டும். இங்கே புதியவர்கள் நேராக, இண்டெக்ஸ் கட்டி வெக்டர்களைத் தேடித் தரும் ஃபைஸ் (Faiss) நூலகத்துக்கு ஓடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். 50,000 பொருளுக்கு 64 எண் என்றால் மொத்தம் 32 லட்சம் பெருக்கல். நம்பை சில மில்லிவிநாடியில் முடித்துவிடும். அதற்கு இண்டெக்ஸ் எதற்கு? 1 கோடிப் பொருள் இருந்தால் கதை வேறு: 64 கோடிப் பெருக்கல், 2.56 ஜிபி மெமரி, ஒவ்வொரு கோரிக்கைக்கும். அப்போதுதான் ‘ஏறக்குறைய சரியான’ தேடல் தேவைப்படும். அதில் மூன்று உத்திகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

கூட்டம் பிரிப்பது. சேரன்மகாதேவியில் இருப்பவரைத் தேட ராதாபுரம் தாலுகா முழுக்கக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆள் எல்லையோரம் குடியிருந்தால் அம்பாசமுத்திரம் பக்கமும் ஒரு எட்டுப் பார்க்க வேண்டும். 1 கோடியை 4,000 கூட்டமாகப் பிரித்து, நெருக்கமான 16 கூட்டத்தில் மட்டும் தேடினால் சுமார் 44,000 ஒப்பீட்டில் வேலை முடியும். 16-ஐ 32 ஆக்கினால் விட்டுப்போவது குறையும், நேரம் கூடும்.

அடுக்கு வலை. மால்கோவும் யாஷுனினும் 2016-ல் வெளியிட்ட முறை. சென்னையிலிருந்து நெல்லைக்கு எக்ஸ்பிரஸ், நெல்லையிலிருந்து அம்பைக்குப் பஸ், அங்கிருந்து ஊருக்கு மினிபஸ் என்று வருவோமே, அதேதான். மேல் அடுக்கில் தூரத் தாவல், கீழே வரவரக் குட்டித் தாவல். மிக வேகம். மெமரிதான் கூடுதலாகக் கேட்கும்.

சுருக்கி வைப்பது. 64 எண்ணை 8 துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு பைட் குறியீடு. 256 பைட் வெக்டர் 8 பைட்டாகிவிடும், 1 கோடிப் பொருள் 80 எம்பியில் அடங்கும். துல்லியம் கொஞ்சம் குறையும், எனவே கிடைத்த சில நூறை அசல் வெக்டரை வைத்து ஒரு தடவை சரிபாருங்கள்.

எதைச் செய்தாலும், ஆயிரம் ஆட்களுக்கு முழுத் தேடலை ஒரு தடவை ஓட்டி வைத்துக்கொண்டு, குறுக்குவழி அதில் எத்தனையைப் பிடிக்கிறது என்று ஒப்பிடுங்கள். 100-க்கு 95 என்றால் தாராளம்.

8. கவுண்டரில் நிற்கும்போது

கேஷ் (cache), அதாவது கணக்கிட்ட விடையை எடுத்துவைத்து மறுபடி கொடுப்பது பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் வாங்கிய அடியை மட்டும் சொல்கிறேன். ராத்திரி வேலை முடிந்ததும் அடிக்கடி வரும் வாடிக்கையாளர்களின் பரிந்துரையை, மெமரியிலேயே டேட்டாவை வைத்திருக்கும் ரெடிஸில் (Redis) எழுதி, 24 மணி நேரம் கழித்து அழியும்படி வைத்திருந்தேன். தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, ராத்திரி வேலை ஒரு நாள் தாமதமானது. காலையில் எல்லாப் பதிவும் ஒரே நிமிஷத்தில் அழிந்தன. பலகாரம் ஆர்டர் பண்ண ஊரே போனை எடுக்கும் நேரம். அத்தனை கோரிக்கையும் ஒன்றாகக் கணக்குப் போடக் கிளம்ப, சர்வர் படுத்துவிட்டது.

அதன்பிறகு செய்தவை: அழியும் நேரத்தோடு இரண்டு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு எண்ணை ஆளுக்கு ஆள் மாற்றிச் சேர்ப்பது, புதியது வரும்வரை பழையதையே காட்டுவது, 150 மில்லிவிநாடிக்குள் பதில் வராவிட்டால் அந்த வட்டாரத்தில் அதிகம் விற்கும் 20 பொருளைக் காட்டிவிட்டு நகர்வது. வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது. 2 லட்சம் பேருக்கும் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் ஆசை வரும். பாதிப் பேர் அந்த மாதம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், வேண்டாம்.

ஸ்டாக் தீர்ந்ததை நீக்குவது கடைசி நொடியில் நடக்க வேண்டும். ராத்திரிப் பட்டியலில் இருந்த அல்வா சாயங்காலம் தீர்ந்திருக்கும். அதனால் காட்டப்போவது 20 என்றாலும் கையில் 100 வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஒரு மெஷினா, பத்து மெஷினா

‘பெரிய டேட்டா’ என்றதும் பல மெஷின்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பார்க் (Spark) கிளஸ்டர் போடுவது ஒரு வியாதியாகிவிட்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குரூப்லென்ஸ் ஆய்வகம் தரும் மூவிலென்ஸ் தொகுப்பில் பெரிய ஒன்று 2.5 கோடி மதிப்பீடு கொண்டது: 1,62,541 பேர், 62,423 படங்கள். ஸ்பார்ஸ் ஆக்கினால் சுமார் 200 எம்பி. 8 ஜிபி லேப்டாப்பில் மேலே சொன்ன எல்லாவற்றையும் இதில் செய்து பழகலாம். அதைத்தான் நானும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் கொடுப்பேன்.

மெமரியில் அடங்கவே அடங்காது என்றால் பல மெஷினுக்குப் போங்கள். அங்கேயும் அந்த மொத்த வியாபாரி காத்திருப்பார். அவருடைய ஜோடிகள் எல்லாம் ஒரே மெஷினில் விழும். பந்தியில் ஒருவர் மட்டும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மற்ற எல்லோரும் இலையை மூடாமல் உட்கார்ந்திருப்பதைப் போல மீதி ஒன்பது மெஷினும் சும்மா நிற்கும். 500 வரம்பை இங்கே வந்த பிறகு கண்டுபிடிப்பவர்கள் அதற்குள் கிளஸ்டர் வாடகை கட்டியிருப்பார்கள்.

10. வேகமானது, சரியாகவும் இருக்கிறதா?

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் தரத்தை அளந்துவிடுங்கள். கடைசி இரண்டு வார வாங்கல்களை மறைத்து வைத்து, அதற்கு முந்தைய டேட்டாவை மட்டும் கொடுத்து, காட்டிய 20-ல் மறைத்தவை எத்தனை வந்தன என்று எண்ணுங்கள். பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கலைத்துப் பிரிக்காதீர்கள். நாளை வாங்கப்போவதைப் பார்த்துவிட்டு நேற்றையதைக் கணித்த மாதிரி ஆகிவிடும், மதிப்பெண் அநியாயத்துக்கு நன்றாக இருக்கும்.

எண்கள் சொல்லாத குறையும் உண்டு. எல்லாம் முடிந்து, பக்கம் சட்டென்று திறக்க ஆரம்பித்த வாரத்தில் அண்ணாச்சி கூப்பிட்டார்.

“வேகமெல்லாம் சரிதான் தம்பி. பாய் வாங்குனவியளுக்குத் திரும்பவும் பாயையே காட்டுதே. ஒரு வீட்ல எத்தன பாய் விரிப்பாவ?”

வாங்கியதை மறுபடி காட்டாதே என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் மாதாமாதம் அப்பளம் வாங்குபவருக்கு அப்பளம் காணாமல் போகும். பொருள் வகைக்கு ஒரு நாள் கணக்கு வேண்டும்: வாங்கி இத்தனை நாள் கழித்து மறுபடி காட்டலாம் என்று. கடைசிச் சலிப்பில், ஸ்டாக் பார்க்கும் அதே இடத்தில் ஒரு கழித்தல். நேரம் எதுவும் கூடவில்லை. அந்த நாள் கணக்கை டேட்டாவிலிருந்து எடுக்கலாம் என்று நான் தொடங்குவதற்குள் அண்ணாச்சியே ஒரு நோட்டில் எழுதி அனுப்பிவிட்டார். அப்பளம் 30 நாள். கருப்பட்டி 45. மண்பானை ஒரு வருஷம், பாய் மூணு வருஷம். அல்வாவுக்கு நேரே ‘எப்பமும் காட்டு’ என்று இருந்தது.